ஆட்டு மூட்டுக் குருத்தெலும்புச் செல்கள் ஃபைப்ரோனெக்டினில் ஒட்டுகின்றன, கொலாஜன்-2இல் ஒட்ட மறுக்கின்றன: எங்கே பிழை?

நுண்தட்டு_96:

வணக்கம். குருத்தெலும்புச் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள மேட்ரிக்ஸ் (செல்லுக்கு வெளியே உள்ள தாங்கு வலை) புரதங்களில் எதில் எவ்வளவு ஒட்டுகின்றன என்று 96 வெல் பிளேட்டில் அளக்கிறோம். முடிவு தலைகீழாக வருகிறது.

செல்கள் ஆட்டு முழங்கால் மூட்டிலிருந்து எடுத்தவை, மூன்றாம் பாசேஜ் (மூன்று முறை பெயர்த்துப் புதுத் தட்டில் வளர்த்தவை). 0.25% ட்ரிப்சின் (புரதத்தை வெட்டும் என்சைம்), ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்துவைப்பது) கலவையில் கிளப்பி, 10% சீரம் உள்ள மீடியத்தால் ட்ரிப்சினை நிறுத்தி, ஒருமுறை சென்ட்ரிஃபியூஜ் செய்து, சீரம் இல்லாத டி.எம்.ஈ.எம். வளர்ப்பு மீடியத்தில் வெல்லுக்கு 40,000 செல் போடுகிறோம். ஃபைப்ரோனெக்டின் பூச்சு மில்லிக்கு 10 மைக்ரோகிராம். கொலாஜன்-2 மில்லிக்கு 50 மைக்ரோகிராம், அசிட்டிக் அமிலத்தில் கரைத்தபடியே இரவு முழுக்க 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, காலையில் ஹூடில் உலர்த்துகிறோம். பிறகு செல் வெறும் பிளாஸ்டிக்கில் ஒட்டாமலிருக்க 1% பி.எஸ்.ஏ. (மாட்டு சீர ஆல்புமின்) தடுப்பு. 1 மணி நேரம் ஒட்டவிட்டு, சாதாரண பி.பி.எஸ்.ஆல் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 3 முறை கழுவி, கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டு 590 நானோமீட்டரில் அளவிடுகிறோம்.

ஃபைப்ரோனெக்டினில் நன்றாக ஒட்டி விரிகின்றன. கொலாஜன்-2இல் அதில் பாதிகூட இல்லை. மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜனில் 90%க்கு மேல் கொலாஜன்-2 தானே? அங்கேயே வாழும் செல் அதில் ஒட்டாமல் போகுமா? இன்னொன்று: ஆர்.ஜி.டி. பெப்டைடு (ஃபைப்ரோனெக்டினில் செல் பிடிக்கும் ஆர்ஜினின்-கிளைசின்-அஸ்பார்டேட் வரிசை) 0.5 மில்லிமோலார் சேர்த்தால் கொலாஜன்-2இல் ஒட்டிய கொஞ்சமும் பெருமளவு குறைந்துவிடுகிறது. வெறும் பி.எஸ்.ஏ. வெல்லிலும் ஓரளவு நிறம் ஏறுகிறது. எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?


முப்புரி:

உங்கள் கேள்விக்கான விடை நீங்களே கடைசியில் எழுதிய வரியில் இருக்கிறது. ஆர்.ஜி.டி. பெப்டைடு கொலாஜன்-2இல் ஒட்டுதலைக் குறைக்கிறது என்றால், அந்த வெல்லில் இருப்பது கொலாஜன் அல்ல, பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது சுருள் அவிழ்ந்த கொலாஜன்.

செல்லின் மேலிருந்து மேட்ரிக்ஸைப் பிடிக்கும் ஏற்பிகள்தான் இன்டெக்ரின்கள். அவற்றில் கொலாஜனைப் பிடிப்பவை நான்கு: ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2, ஆல்ஃபா-10, ஆல்ஃபா-11. நான்குமே பீட்டா-1உடன் சேர்ந்து வேலை செய்பவை. இவற்றின் ஆல்ஃபா சங்கிலியில் ஐ-டொமைன் என்ற தனிப் பகுதி உண்டு. அதுதான் கொலாஜனைப் பிடிக்கிறது. அது தேடுவது கிளைசின், ஃபினைல்அலனின், ஹைட்ராக்ஸிபுரோலின், கிளைசின், குளூட்டமேட், ஆர்ஜினின் என்ற வரிசையை. ஆங்கில எழுத்தில் ஜி.எஃப்.ஓ.ஜி.ஈ.ஆர். என்பார்கள். அந்த வரிசை இருந்தால் மட்டும் போதாது, மூன்று சங்கிலிகளும் முறுக்கிய முப்புரிச் சுருளாக இருக்க வேண்டும். சுருள் அவிழ்ந்துவிட்டால் அதே வரிசையை ஐ-டொமைன் கண்டுகொள்ளாது.

ஆர்.ஜி.டி. வரிசையின் கதை நேர் எதிர். கொலாஜன் சங்கிலிகளில் அது அங்கங்கே உண்டு, ஆனால் முழுச் சுருளில் இன்டெக்ரினுக்கு எட்டாது. சுருள் அவிழ்ந்ததும் வெளிப்படுகிறது, ஆல்ஃபா-வி பீட்டா-3 வந்து பிடித்துக்கொள்கிறது. அது போக, ஜெலட்டின் ஃபைப்ரோனெக்டினை நன்றாக இழுத்து வைத்துக்கொள்ளும். ரத்தத்திலிருந்து ஃபைப்ரோனெக்டினைப் பிரித்தெடுக்கவே ஜெலட்டின் பதித்த மணிகளைத்தான் பயன்படுத்துகிறோம். நீங்கள் சீரத்தால் ட்ரிப்சினை நிறுத்தி ஒரே ஒருமுறை சுழற்றியதில் மிஞ்சிய ஃபைப்ரோனெக்டின் நேராக அந்தப் பூச்சின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். ஆக நீங்கள் அளந்தது ஜெலட்டின் மேல் ஒட்டிய ஃபைப்ரோனெக்டினில் செல் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை.

சுருள் அவிழ்ந்த இடம் இன்குபேட்டர். நடுநிலை பி.எச்.இல், உப்புக் கரைசலில் கொலாஜன் 37 டிகிரியைத் தாங்கி நாராகக் கோத்துக்கொள்ளும். அசிட்டிக் அமிலத்தில் அது உருகும் வெப்பநிலை சில டிகிரி கீழே இறங்கிவிடும், 37இல் இரவு முழுக்க வைத்தால் தாங்காது. பிறகு ஹூடில் உலர்த்தியது மீதியையும் கெடுத்திருக்கும்.

பூச்சை இப்படிச் செய்யுங்கள். உறையவைத்து உலர்த்திய பொடியை 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் மில்லிக்கு 1 மில்லிகிராம் வீதம், 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாகச் சுழலவிட்டுக் கரையுங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம், சோனிகேட்டர் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர்த் தொட்டியில் வைக்கவும் வேண்டாம். கரைந்ததைக் குளிர்ந்த நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராமாகக் குறைத்து, வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு, பிளேட்டை மூடி 4 டிகிரியில் இரவு வையுங்கள். காலையில் குளிர்ந்த பி.பி.எஸ்.ஆல் 2 அல்லது 3 முறை அலசி, ஈரம் காயும் முன்பே பி.எஸ்.ஏ. விடுங்கள். எந்தக் கட்டத்திலும் வெல் உலரக் கூடாது. பிளேட் செல் வளர்ப்புக்காகப் பதப்படுத்தியதாக இருக்கக் கூடாது. எலைசாவுக்கு விற்கும் சாதாரண பாலிஸ்டைரீன்தான் சரி.

கைவசம் இருக்கும் கொலாஜன் பாட்டில் ஏற்கெனவே கெட்டதா என்று தெரிந்துகொள்ள ட்ரிப்சினே போதும். முப்புரிச் சுருளை ட்ரிப்சினால் கடிக்க முடியாது, அவிழ்ந்த சங்கிலியைச் சிதைத்துவிடும். ஒரு சிட்டிகை கொலாஜனை நடுநிலையாக்கி, மில்லிக்கு 0.1 மில்லிகிராம் ட்ரிப்சினுடன் 20 டிகிரியில் சிறிது நேரம் வைத்து, 7% ஜெல்லில் ஓட்டுங்கள். பக்கத்திலேயே 60 டிகிரியில் 20 நிமிடம் சுடவைத்த மாதிரி ஒன்றையும் அதே ட்ரிப்சினுடன் ஓட்டுங்கள். நல்ல கொலாஜன் என்றால் முதல் பாதையில் பட்டை நிற்கும், இரண்டாவதில் மறையும். முதல் பாதையிலேயே பட்டை மங்கினால் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.

சுடவைத்த அந்தக் கொலாஜனைக் கொட்ட வேண்டாம். ஒவ்வொரு பிளேட்டிலும் அதற்கென்று 3 வெல் ஒதுக்குங்கள். ஆர்.ஜி.டி. சேர்த்தால் அந்த 3 வெல்லில் ஒட்டுதல் விழ வேண்டும், நல்ல கொலாஜனில் விழக் கூடாது. பிளேட்டிலேயே இந்தச் சோதனை இருந்தால் பூச்சு சரியா என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது.


தோணித்துறை:

மேலே சொன்னது பூச்சைப் பற்றி. செல்லிலும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

மூன்றாம் பாசேஜ் என்றால் அது குருத்தெலும்புச் செல் என்ற பெயரில் இருக்கும் வேறொரு செல். தட்டையான பிளாஸ்டிக்கில் பரவி வளரும்போது ஃபைப்ரோனெக்டினைப் பிடிக்கும் ஆல்ஃபா-5 பீட்டா-1 ஏறும். கொலாஜன்-2க்குப் பதில் கொலாஜன்-1 உற்பத்தி தொடங்கும். ஆல்ஃபா-10 குறையும், ஆல்ஃபா-11 கூடும். குருத்தெலும்புச் செல்லில் கொலாஜனைப் பிடிக்கும் முக்கிய இன்டெக்ரின் அந்த ஆல்ஃபா-10 தான், அதுதான் முதலில் போகிறது. ஃபைப்ரோனெக்டினில் அமோகமாக ஒட்டுகிறது என்பதில் பாதி, பிளாஸ்டிக்கில் வளர்த்ததன் விளைவு. முதல் பாசேஜுக்கு மேல் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் கொலாஜன்-2, கொலாஜன்-1 ஜீன்களின் விகிதத்தையும் குருத்தெலும்புத் தன்மையைக் காட்டும் சாக்ஸ்-9 ஜீனையும் பார்த்து, முடிவோடு சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது என்சைம். இன்டெக்ரின்கள் ட்ரிப்சினைக் கொஞ்சம் தாங்கும், அதுவும் கால்சியம் இருந்தால்தான். சிடி-44, சின்டெக்கன் போன்ற மற்ற ஏற்பிகள் தாங்காது, வெளிப்பகுதி வெட்டுப்பட்டு மீடியத்தில் போய்விடும். திசுவிலிருந்து நேராகப் பிரிக்கும்போது 0.2% புரோனேஸில் 1 மணி நேரம், பிறகு 0.025% கொலாஜனேஸில் இரவு முழுக்க என்று போனால் புரோனேஸ் இன்னும் மோசமாக வெட்டும். அன்றே ஒட்டுதல் அளந்தால் நீங்கள் அளப்பது என்சைம் விட்டுவைத்த மிச்சத்தை.

ஏற்பியைத் திரும்ப வளரவிட நல்ல வழி ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து வரும் ஜெல்) மணி. 1.2% ஆல்ஜினேட்டை 0.15 மோலார் உப்பில் கரைத்து, மில்லிக்கு 40 லட்சம் செல் கலந்து, 22 கேஜ் ஊசி வழியே 102 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 10 நிமிடத்தில் மணி இறுகும். உப்புக் கரைசலால் அலசி, மில்லிக்கு 25 மைக்ரோகிராம் அஸ்கார்பேட் சேர்த்த மீடியத்தில் 2, 3 நாள் வையுங்கள். அஸ்கார்பேட் இல்லாவிட்டால் புரோலினில் ஹைட்ராக்ஸில் சரியாக ஏறாது, செல் உருவாக்கும் கொலாஜனே நிலைக்காது. எடுக்கும்போது 55 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட், 0.15 மோலார் உப்பு. 10 நிமிடத்தில் மணி கரைந்துவிடும், ட்ரிப்சினே தேவையில்லை. சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் 2 முறை கழுவ வேண்டும்.

ட்ரிப்சின்தான் வழி என்றால் சீரத்தால் நிறுத்தாதீர்கள். சோயா ட்ரிப்சின் இன்ஹிபிட்டர், மில்லிக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். சீரத்தில் ஃபைப்ரோனெக்டினும், அதுபோலவே செல்லை ஒட்டவைக்கும் விட்ரோனெக்டினும் தாராளமாக உண்டு. இரண்டில் எது ஒரு துளி போனாலும் எல்லா வெல்லும் ஒரே மாதிரி ஆகிவிடும். உங்கள் பி.எஸ்.ஏ. வெல்லில் நிறம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 250 ஜி-யில் 5 நிமிடம் வீதம் 2 முறை சுழற்றிக் கழுவுங்கள். பிறகு 20 மில்லிமோலார் ஹெப்பெஸ் பஃபர், 0.1% பி.எஸ்.ஏ. சேர்த்த டி.எம்.ஈ.எம்.இல் குழாயோடு மெதுவாகச் சுழலவிட்டு 37 டிகிரியில் அரை மணி நேரமாவது வைத்துவிட்டுப் பிளேட்டில் போடுங்கள்.

செல் தானே ஃபைப்ரோனெக்டினைச் சுரந்து அதன்மேல் தானே ஒட்டிக்கொள்வதும் உண்டு. 1 மணி நேரச் சோதனையில் அது பெரிதாகத் தெரியாது. 2, 3 மணி நேரம் என்று நீட்டினால் புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு மில்லிக்கு 20 மைக்ரோகிராம் போட்டு ஒரு வரிசை வெல்லாவது வையுங்கள்.


வெண்சங்கு:

கழுவும் பஃபரை யாரும் கவனிக்கவில்லையே. சாதாரண பி.பி.எஸ். என்றால் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாதது என்றுதான் அர்த்தம். இன்டெக்ரினின் பிடிப்பு முழுவதும் ஓர் உலோக அயனியைச் சுற்றித்தான் நடக்கிறது. கொலாஜனைப் பிடிக்கும் ஐ-டொமைனில் அந்த இடத்தில் மெக்னீசியம் இருக்க வேண்டும், கால்சியம் அதற்கு ஈடாகாது. மீடியத்தில் இருக்கும் 0.8 மில்லிமோலார் மெக்னீசியத்தை நம்பி ஒட்டிய செல்லை, மெக்னீசியமே இல்லாத பஃபரால் 3 முறை கழுவினால் கொலாஜன் வெல்தான் முதலில் காலியாகும். ஃபைப்ரோனெக்டினில் செல் விரிந்து உட்கார்ந்துவிடுவதால் அது அந்த அளவு இழக்காது. இரண்டு வெல்லுக்கும் இடையே நீங்கள் பார்க்கும் வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்தக் கழுவலால் வந்தது. 1 மில்லிமோலார் மெக்னீசியமும் கால்சியமும் உள்ள பஃபரை 37 டிகிரிக்குச் சூடாக்கிக் கழுவுங்கள்.

அயனியை வைத்தே ஏற்பியையும் சோதிக்கலாம். ஈ.டி.டி.ஏ. 5 மில்லிமோலார் போட்ட வெல்லில் இன்டெக்ரின் வழி ஒட்டுதல் முழுக்கப் போக வேண்டும். மாங்கனீஸ் 1 மில்லிமோலார் போட்ட வெல்லில் இன்டெக்ரின் விழித்த நிலைக்குப் போய் ஒட்டுதல் ஏற வேண்டும். மாங்கனீஸ் போட்டும் கொலாஜனில் ஏறவில்லை என்றால் ஏற்பியே இல்லை, அல்லது பூச்சு கெட்டது. ஏறினால் ஏற்பி இருக்கிறது, உறக்கத்தில் இருந்தது என்று பொருள். மாங்கனீஸை மட்டும் பி.பி.எஸ்.இலோ பைகார்பனேட் மீடியத்திலோ போடாதீர்கள், பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். 20 மில்லிமோலார் ஹெப்பெஸ், 150 மில்லிமோலார் உப்பு, அதோடு குளுக்கோஸ் என்று தனி பஃபர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஜி.டி. பெப்டைடு எடுத்தால் பக்கத்திலேயே ஒப்பீட்டுக்கு ஆர்.ஜி.ஈ. பெப்டைடும் (கடைசி அமினோ அமிலம் மட்டும் மாறியது, இன்டெக்ரின் பிடிக்காதது) அதே செறிவில் வேண்டும். இந்தப் பெப்டைடுகள் பல சமயம் டி.எஃப்.ஏ. (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) உப்பாக வரும். மில்லிமோலார் அளவில் கரைத்தால் பஃபரே புளித்துவிடும், செல் ஒட்டாததற்குக் காரணம் அமிலமாக இருக்கும். பி.எச். 7.4க்குச் சரிசெய்த பிறகே போடுங்கள். ஆல்ஃபா-வி பீட்டா-3 குறைந்த செறிவிலேயே விட்டுவிடும். முழு ஃபைப்ரோனெக்டினைப் பிடித்த ஆல்ஃபா-5 பீட்டா-1க்கு அதிகம் வேண்டும், ஏனென்றால் ஃபைப்ரோனெக்டினில் ஆர்.ஜி.டி. இருப்பது 10ஆம் டொமைனில், அதற்குத் துணைப்பிடி 9ஆம் டொமைனில். குறும்பெப்டைடில் அந்தத் துணைப்பிடி கிடையாது.

ஆன்டிபாடி விஷயத்தில் ஆடு ஒரு தலைவலி. சந்தையில் இருக்கும் இன்டெக்ரின் தடுப்பு ஆன்டிபாடிகள் பெரும்பாலும் மனிதனுக்கோ எலிக்கோ தயாரித்தவை. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஆட்டுச் செல்லில் நிறம் காட்டினாலும் அது செயலைத் தடுக்கும் என்று அர்த்தமில்லை. ஒட்டும் இடத்தைவிட்டு வேறெங்காவது உட்கார்ந்திருக்கும். அதனால் ஆட்டுச் செல்லுக்குப் பாம்பு நஞ்சிலிருந்து எடுத்த, இன்டெக்ரினைத் தடுக்கும் புரதங்களை முயலலாம். எக்கிஸ்டாடின் ஆர்.ஜி.டி. தேடும் இன்டெக்ரின்களை நானோமோலார் அளவிலேயே தடுக்கும். நம்ம ஊர்க் காட்டிலும் இருக்கும் சுருட்டை விரியன் இனத்தின் நஞ்சிலிருந்து வந்தது அது. ஆப்டுஸ்டாடின் ஆல்ஃபா-1ஐ மட்டும் தடுக்கும், ரோடோசெட்டின் ஆல்ஃபா-2ஐ. இவை இன்டெக்ரினின் பிடிமுனையிலேயே உட்காருவதால் இனம் மாறினாலும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஆனாலும் முதலில் செறிவு வரிசை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.


நுண்தட்டு_96:

மூவருக்கும் நன்றி. 4 டிகிரியில் புதுப் பூச்சு, சோயா இன்ஹிபிட்டர், மெக்னீசியம் உள்ள கழுவல், முதல் பாசேஜ் செல் என்று மாற்றினோம். கொலாஜன்-2இல் ஒட்டுதல் ஏறிவிட்டது. ஆர்.ஜி.டி. இப்போது அதைத் தொடுவதில்லை, சுடவைத்த கொலாஜனில் மட்டும் குறைக்கிறது. மாங்கனீஸ் ஏற்றுகிறது.

மூன்று விஷயங்கள் புரியவில்லை. கொலாஜன்-2இல் ஒட்டியவை உருண்டையாகவே இருக்கின்றன, விரியவே இல்லை. அது சரியா? ஆல்ஜினேட் மணியிலிருந்து நேராக எடுத்த செல்லில் ஈ.டி.டி.ஏ. போட்டும் ஒரு பங்கு போகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அது எதன் வழியாக? பி.எஸ்.ஏ. வெல் நிறமும் குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை.


தோணித்துறை:

உருண்டையாக இருப்பது சரிதான், அதுதான் அதன் இயல்பான வடிவம். ஒட்டுதலும் விரிதலும் வேறுவேறு அளவீடு. மைக்ரோஸ்கோப்பில் விரிந்ததை மட்டும் எண்ணினால் கொலாஜன் எப்போதும் தோற்கும். குருத்தெலும்பில் காண்ட்ரோஅட்ஹெரின் என்றே ஒரு புரதம் உண்டு. ஆல்ஃபா-2 பீட்டா-1 அதைப் பிடிக்கும், ஆனால் செல் ஒட்டியபின் விரியாமல் உருண்டையாகவே நிற்கும். உங்கள் பட்டியலில் அதையும் ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள்.

உருண்டைச் செல் கழுவும்போது எளிதாகப் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள். மல்டிசானல் பிப்பெட்டின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். வெல்லை விளிம்பு வரை பஃபரால் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டுத்தாள் ஒட்டி, பிளேட்டைக் கவிழ்த்து 50 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றினால் எல்லா வெல்லுக்கும் ஒரே விசை. குமிழி மாட்டிய வெல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குமிழியின் விளிம்பே செல்லைப் பிய்த்துவிடும்.


வெண்சங்கு:

பி.எஸ்.ஏ. வெல்லுக்கு: தடுப்புக்கு எடுக்கும் பி.எஸ்.ஏ.வைச் சுடவையுங்கள். 1% கரைசலை 85 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், லேசாக மங்கும் வரை. பாலாக வெளுத்துவிட்டால் அதிகம் ஆகிவிட்டது, கொட்டிவிட்டு வேறு செய்யுங்கள். ஆறியபின் வடிகட்டி, பூச்சுக்கு மேல் அறை வெப்பத்தில் 1 மணி நேரம்.

அப்புறம் கிரிஸ்டல் வயலட். அது நேர்மின் ஏற்றமுள்ள சாயம். குருத்தெலும்புச் செல் தன்னைச் சுற்றிச் சல்பேட் நிறைந்த காண்ட்ராய்டின் சங்கிலிகளைப் பூசிக்கொண்டே வரும், முக்கியமாக ஆல்ஜினேட்டிலிருந்து எடுத்தது. சாயம் அதையும் பிடிக்கும். அதனால் பாசேஜ் செல்லையும் மணியிலிருந்து எடுத்த செல்லையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடியாது. கால்சீன்-ஏ.எம். என்ற ஒளிரும் சாயத்தை 2 முதல் 5 மைக்ரோமோலாரில் செல்லை முன்கூட்டியே அரை மணி நேரம் ஏற்றி, கழுவி, ஒட்டவிட்டு, 485இல் ஊட்டி 530இல் அளவிடுங்கள். எப்படி அளந்தாலும் பிளேட்டின் ஒரு ஓரத்தில் 2,500 முதல் 40,000 வரை எண்ணிப் போட்ட, கழுவாத செல் வரிசை வேண்டும். சாயம் மாறும்போது அந்த வரிசை மட்டும்தான் உங்களைக் காப்பாற்றும்.


கரைமணல்:

ஈ.டி.டி.ஏ.வுக்கு அசையாத அந்தப் பங்குதான் இந்தத் திரியில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூச்சைச் சரிசெய்ததோடு நிறுத்தக் கூடாது.

திசுவுக்குள் செல்லுக்கும் கொலாஜன்-2 நாருக்கும் நடுவில் ஓர் உறை இருக்கிறது. பெரிசெல்லுலார் மேட்ரிக்ஸ் என்போம், சில மைக்ரோமீட்டர் தடிமன். செல்லையும் இந்த உறையையும் சேர்த்து காண்ட்ரான் என்கிறோம். அந்த உறையில் கொலாஜன்-6, பெர்லிகன், ஹயலுரோனன் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி, அதில் கோத்த அக்ரெக்கான் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. கொலாஜன்-2 பெருநார்கள் அதற்கு வெளியே. ஆல்ஃபா-1, ஆல்ஃபா-10 இரண்டும் நார்க் கொலாஜன்களைவிடக் கொலாஜன்-4, கொலாஜன்-6 வகைகளை அதிகம் விரும்புபவை. ஆல்ஃபா-2, ஆல்ஃபா-11 நார்க் கொலாஜன்களை விரும்புபவை. செல் கையில் வைத்திருக்கும் ஏற்பியைப் பார்த்தாலே பக்கத்தில் எந்தப் புரதம் இருக்கிறது என்று தெரிகிறது. அதனால் கொலாஜன்-6 பூச்சு இல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது.

ஈ.டி.டி.ஏ.வுக்கு அசையாததில் முதல் சந்தேகம் சிடி-44. அது ஹயலுரோனனைப் பிடிக்க உலோக அயனி தேவையில்லை. ஆல்ஜினேட்டிலிருந்து வரும் செல்லில் சிடி-44 வெட்டுப்படாமல் இருக்கும், ஹயலுரோனன் உறையும் அப்படியே இருக்கும். அந்த உறையின் வழியாகச் செல் பூச்சில் சிக்கிக்கொள்ளலாம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹயலுரோனிடேஸ் மில்லிக்கு 5 யூனிட், 37 டிகிரியில் 1 மணி நேரம் செல்லுக்குக் கொடுத்து, கழுவி, பிறகு ஈ.டி.டி.ஏ.வோடு ஒட்டவிட்டுப் பாருங்கள். விந்தகத்திலிருந்து எடுக்கும் ஹயலுரோனிடேஸ் வேண்டாம், அது காண்ட்ராய்டினையும் கடிக்கும், எதைக் கடித்ததால் குறைந்தது என்று சொல்ல முடியாமல் போகும். உறை போனதா என்று பார்க்க, ஃபார்மலினில் நிலைப்படுத்திய செம்மறி ரத்தச் சிவப்பணுக்களைச் செல்லோடு சேர்த்து விடுங்கள். உறை உள்ள செல்லைச் சுற்றிச் சிவப்பணு அண்ட முடியாத வெள்ளை வளையம் தெரியும். என்சைம் வேலை செய்திருந்தால் சிவப்பணுக்கள் செல்லின் தோல் வரை வந்து முட்டும்.

ஹயலுரோனிடேஸுக்கும் அசையவில்லை என்றால் அடுத்து சின்டெக்கன். அதன் ஹெப்பரான் சங்கிலிகள் ஃபைப்ரோனெக்டினின் ஹெப்பரின் பிடிக்கும் பகுதியோடு ஒட்டும். கரைந்த ஹெப்பரின் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் போட்டால் போட்டி வந்து விலகும்.


முப்புரி:

கரைமணல் சொல்வதோடு ஒரு இடத்தில் உடன்படவில்லை. கொலாஜன்-6 வரிசை வேண்டும் என்பது சரி. ஆனால் அதனால் கொலாஜன்-2 அளவீடு அர்த்தமற்றது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வளர்ச்சித் தட்டில் (எலும்பு நீளும் இடத்துக் குருத்தெலும்பு) செல் தானே சுரந்த கொலாஜன்-2க்கு நடுவில்தான் பிரிந்து, திரும்பி, அடுக்காக நிற்கிறது. எலியின் குருத்தெலும்பில் மட்டும் பீட்டா-1ஐ நீக்கிப் பார்த்த வேலை 2003இல் வந்தது. செல்கள் அடுக்காக நிற்கத் தவறின, உருண்டையாகச் சிதறி நின்றன, செல் பிரிந்து முடிக்கும் கட்டத்திலேயே சிக்கி இரட்டைக் கரு உள்ள செல்கள் தோன்றின. அதே ஆண்டு இன்னொரு குழு, ஆல்ஃபா-1 இல்லாத எலிக்கு முழங்கால் தேய்மானம் முன்னதாகவே தொடங்குவதைக் காட்டியது. நாயில் இன்னும் தெளிவு: நார்வேயின் எல்க்ஹவுண்ட், கரேலியாவின் கரடி நாய் இரண்டு இனத்திலும் கால்கள் உடலுக்குப் பொருந்தாமல் குட்டையாகப் போவதற்கு ஆல்ஃபா-10 ஜீன் பாதியில் நின்றுபோவதுதான் காரணம் என்று 2013இல் வெளியானது. அந்த ஒற்றை ஏற்பி போனால் எலும்பின் நீளமே மாறுகிறது.


கரைமணல்:

அதை மறுக்கவில்லை. வயதான மூட்டுக் குருத்தெலும்பும் வளர்ச்சித் தட்டும் ஒன்றல்ல என்பதுதான் என் வாதம். இந்தத் திரியின் செல் மூட்டிலிருந்து எடுத்தது, ஆகவே உறையை விட்டுவிட முடியாது.

ஃபைப்ரோனெக்டின் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நலமான குருத்தெலும்பில் அது கொஞ்சம்தான். தேய்மானம் வந்த மூட்டில் பல மடங்கு கூடும், துண்டாகவும் உடையும். அதன் அமினோ முனையிலிருந்து உடையும் 29 கிலோடால்டன் துண்டைச் செல் உணர்ந்தால் கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி.-13 போன்ற என்சைம்களைச் சுரந்து தன் மேட்ரிக்ஸையே கரைக்கத் தொடங்கும். முழு ஃபைப்ரோனெக்டின் அப்படிச் செய்யாது. எனவே உங்கள் பாட்டிலில் இருப்பது முழுசா, உடைந்ததா என்று ஒரு ஜெல் ஓட்டிப் பாருங்கள். சல்ஃபர் இணைப்புகளை உடைத்து ஓட்டினால் 220 முதல் 250 கிலோடால்டன் பகுதியில் நெருங்கிய பட்டைகள் மட்டும் தெரிய வேண்டும். கீழே ஏணிப்படி போல வந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். பொடியைக் கரைக்கும்போது ஆட்டவும் கூடாது, 37 டிகிரியில் அரை மணி நேரம் சும்மா வைத்தால் தானே கரையும். ஆட்டினால் திரிந்து நூலாகிவிடும்.


நுண்தட்டு_96:

இறுதியாக ஒன்று. இந்த முடிவுகளை வைத்து ஆல்ஜினேட் ஜெல்லில் ஆர்.ஜி.டி. பெப்டைடை இணைத்துச் செல்லை உள்ளே வளர்க்கலாம் என்று திட்டம். செல் நன்றாக ஒட்டினால் நன்றாக வளரும் என்ற எண்ணத்தில். சரியா?


தோணித்துறை:

ஆர்.ஜி.டி.யோடு தொடங்க வேண்டாம். செல் உயிரோடு இருக்கும், ஒட்டும், ஆனால் ஆக்டின் இழைகள் இறுகி, குருத்தெலும்புத் தன்மை குறையும் திசைக்குப் போகும் அபாயம் உண்டு. சாதா ஆல்ஜினேட்டில் பிடிக்க ஒன்றுமே இல்லாததால்தான் செல் உருண்டையாக நின்று கொலாஜன்-2ஐயும் அக்ரெக்கானையும் சுரக்கிறது. ஒட்டுதல் கூடியதா என்று பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், 21ஆம் நாள் சல்பேட் கொண்ட கிளைகான் அளவை டி.என்.ஏ. அளவால் வகுத்து, ஒரு செல்லுக்கு எவ்வளவு மேட்ரிக்ஸ் என்று பாருங்கள்.

பெப்டைடு போட்டே ஆக வேண்டும் என்றால் ஜி.எஃப்.ஓ.ஜி.ஈ.ஆர். பெப்டைடை எடுங்கள். அதன் இருபுறமும் கிளைசின்-புரோலின்-புரோலின் தொடர் 5 முறை வருகிற மாதிரி வாங்க வேண்டும், அந்த இரு பக்கமும்தான் மூன்று சங்கிலியை முறுக்கி வைத்திருக்கும். வெறும் 6 அமினோ அமிலம் வாங்கினால் பணம் வீண். வந்ததும் கரைத்து 4 டிகிரியில் ஓரிரவு வைத்து முறுக்கேறவிட்டு, 225 நானோமீட்டர் பக்கம் சர்குலர் டைக்ரோயிசத்தில் (சுருள் வடிவத்தைக் காட்டும் ஒளி அளவீடு) நேர்முகடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆல்ஜினேட்டில் இணையுங்கள். இணைக்கும் வினையைச் சூடாக்காமல் நடத்துங்கள். குறைந்த அளவு, நடு அளவு, அதிக அளவு என்று மூன்று ஜெல், கூடவே பெப்டைடே இல்லாத ஜெல் ஒன்று, வரிசை கலைத்த பெப்டைடு ஒன்று. இந்த ஐந்தும் இருந்தால் மேலே பேசலாம்.